அரை மில்லித் தகடு

அண்ணியின் டார்ச்சை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எடுத்தேன். திங்கட்கிழமை காலையில், அண்ணி வருவதற்கு முன்பே, எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன். நடந்தது அவ்வளவுதான் என்று பதிமூன்று நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

டார்ச் என்றால் இருட்டில் அடிக்கிற விளக்கு இல்லை. டிக் வெல்டிங்கில் கையில் பிடிக்கிற கருவிக்கு அதுதான் பெயர். பேனா பிடிக்கிற மாதிரி பிடிக்க வேண்டும். முனையில் ஊசி போலச் சீவிய டங்ஸ்டன் கம்பி. அந்த ஊசிக்கும் தகட்டுக்கும் நடுவில் நெருப்பு நிற்கும். நெருப்பைச் சுற்றி ஆர்கான் வாயு வழிந்துகொண்டே இருக்கும். உருகுகிற இடத்தை வெளிக்காற்று தொடாமல் காப்பது அந்த வாயுதான். அது சரியாக வரவில்லை என்றால் எப்பேர்ப்பட்ட கைக்காரர் உட்கார்ந்தாலும் தகடு கருகிப்போகும்.

எங்கள் பட்டறையில் டிக் மெஷின் இரண்டு. கனமான குழாய்களுக்கு ஒன்று. அது என் பொறுப்பு. மெல்லிய தகடுகளுக்கு ஒன்று; அது அண்ணியின் பொறுப்பு. அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. வீடு ஒன்றுதான், மாடியில் அவர்களும் அவர்கள் பெண்ணும், கீழே நான். அண்ணன் பார்சல் வண்டி ஓட்டுகிறவன். வெல்டிங்கைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம், அதை உற்றுப் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்பது மட்டும்தான். பெண் பார்க்கப் போன அன்றைக்கு, "கையில என்ன தழும்பு?" என்று கேட்டு, "தொழில்" என்று பதில் வாங்கிக்கொண்டு வந்தவன்.

அண்ணியும் நானும் ஒரே பஸ்ஸில் போவோம், வருவோம். பேச்சு முழுக்க ஒருவரையொருவர் வாருவதுதான்.

"என்ன அண்ணி, தாள் ஒட்டி முடிச்சாச்சா?"

"ஆச்சு தம்பி. நீங்க சுவர் பூசி முடிச்சாச்சா?"

என் கனத்த குழாய் வேலை அவருக்குச் சுவர் பூச்சு. அவருடைய அரை மில்லித் தகட்டு வேலை எனக்குத் தாள் ஒட்டுவது. ஆறு வருடமாக இதே கேலி. அதனால்தான் அந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்று அவரிடம் கேட்க வாய் வரவில்லை.

கற்றுக்கொள்ள வேண்டிய நேரம் வந்திருந்தது. மருந்து தயாரிக்கும் கம்பெனி ஒன்றுக்கு மெல்லிய எவர்சில்வர்ப் பெட்டிகள் செய்து தரும் வேலை எங்கள் முதலாளிக்குக் கிடைப்பதாக இருந்தது. அந்தக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, வெல்டரை உட்கார வைத்துச் சோதித்துப் பார்ப்பார். அவர் சரி என்று எழுதிக்கொடுத்த கைதான் அந்த வேலையைத் தொடலாம். அண்ணி இருக்கும்போது முதலாளிக்குக் கவலை இல்லை. "இன்னொரு கை இருந்தா நல்லது" என்று மட்டும் பொதுவாகச் சொல்லி வைத்தார்.

அந்த இன்னொரு கையாக நான் இருக்கலாமே என்று ஆசை. பழைய மெஷின் ஒன்றையும் சின்ன வாயு சிலிண்டர் ஒன்றையும் பிடித்து, வீட்டின் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் வைத்தேன். விடுமுறை நாட்களில் பழகினேன். அண்ணி கேட்டதற்கு, "பழைய இரும்பு கேட்டு ஒண்ணு சரி பண்றேன்" என்றேன்.

மெல்லிய தகட்டில் பழகியவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். கனமான குழாய் பொறுமையானது. கொஞ்சம் தாமதித்தாலும் தாங்கிக்கொள்ளும். அரை மில்லித் தகடு அப்படியில்லை. கரண்ட்டைக் கூட்டிக் குறைக்கிற கால் பெடலை ஒரு நூல் கூடுதலாக அழுத்தினால் போதும், ஓட்டை. பயந்து காலை எடுத்தால் ஒட்டாது. நடுவில் மூச்சை இழுத்தால் கை ஆடும், ஊசி தகட்டில் முட்டும், எழுந்துபோய் ஊசியை மறுபடி சீவ வேண்டும். பட்டறையில் மீந்த துண்டுகள் தீர்ந்ததும் சவர பிளேடுகளை ஓரத்தோடு ஓரம் வைத்து ஒட்டிப் பார்த்தேன். முதல் மாதம் நான் ஒட்டியதைவிடத் துளைத்ததே அதிகம்.

"டேய், வீட்ல பிளேடே தங்க மாட்டேங்குது. ஆனா உன் மூஞ்சியப் பார்த்தா நீ சவரம் பண்ணின மாதிரியும் தெரியல" என்றான் அண்ணன்.

குறை என் கையில் இல்லை, டார்ச்சில்தான் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. தோற்கிறவனுக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும். என்னுடையது தடித்த டார்ச். அண்ணியுடையது சின்னது, கைக்குள் அடங்குவது. கைப்பிடியில் துணிப்பட்டை சுற்றி, தன் விரலுக்கு ஏற்ற மாதிரி வைத்திருந்தார். பட்டறையில் வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். இரண்டு நாள் கேலி செய்துவிட்டு, மூன்றாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியும் கொடுத்திருப்பார். அந்த இரண்டு நாள் கேலியைத் தாங்க முடியாமல், யாரும் இல்லாத நேரத்தில் டார்ச்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதன் பின்பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு மூடி உண்டு. ஊசிக் கம்பி உள்ளே இருக்கும் இடத்தை மூடுவது. துணி துவைக்கிற இடம் குறுகலானது, அந்த நீள மூடி சுவரில் இடித்துக்கொண்டே இருந்தது. அதைத் திருகிக் கழற்றி, என் பெட்டியிலிருந்த குட்டை மூடியைப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் இரண்டு துண்டுத் தகடுகள் ஓட்டை இல்லாமல், இளம் பொன் நிறத்தில், ஒரே கோடாகச் சேர்ந்துகொண்டன. அந்தத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை முந்தின பஸ்ஸிலேயே போய், நீள மூடியைத் திரும்பத் திருகி, டார்ச்சை மெஷினில் மாட்டிவிட்டேன். நான் கைகழுவி வருவதற்குள் முதலாளி வந்து, "இன்னிக்கே வர்றாராம்பா" என்றார்.

சோதிக்க வந்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் லென்ஸ்காரர். சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருந்தார். எதைப் பார்த்தாலும் அதை எடுத்துத்தான் பார்த்தார், தேநீர் டம்ளர் உட்பட. அதிர்ந்து பேசாத மனிதர். மூன்று ஜோடித் தகடு கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நிமிடம்.

அண்ணி உட்கார்ந்தார். முகமூடியை இறக்கினார். நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். சோதனை என்பதற்காக இல்லை, அண்ணி செய்வதைப் பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காக.

முதல் துண்டு சாம்பல் நிறத்தில் வந்தது. நடுவில் கறுப்பு.

அண்ணி முகமூடியைத் தூக்கிவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுந்துபோய் சிலிண்டர் முள்ளைப் பார்த்தார். குழாயை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். முனையிலிருந்த பீங்கான் குவளையை மாற்றினார். ஊசியைப் புதிதாகச் சீவினார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். இரண்டாவது துண்டில் இரண்டு ஓட்டை. மூன்றாவதில் பாதியிலேயே கையை எடுத்துவிட்டார்.

"டார்ச்சுல ஏதாச்சும் கோளாறா பாரும்மா" என்றார் கடைசல்காரர். பட்டறையில் மூத்தவர், அண்ணியிடம் பிரியம் உள்ளவர்.

"டார்ச்சை என்னைத் தவிர யாரும் தொடறதில்லைங்க. சனிக்கிழமை வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அண்ணி. சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றித் தன் வலது கையைப் பார்த்தார்.

நான் நாலடி தூரத்தில் நின்றிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். அப்போது எனக்குள் ஓடியது இதுதான்: நேற்று மதியம் இதே டார்ச் என் கையில் அருமையாக எரிந்தது. ஆகவே கோளாறு டார்ச்சில் இல்லை. அப்படியிருக்க, நான் எடுத்துப்போனதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? என் மானம்தான் போகும். கணக்கு சரியாக இருந்தது. குட்டை மூடி போட்டுத்தான் எரித்தேன் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

முதலாளி சுற்றும் முற்றும் பார்த்தார். வந்த வேலை கைநழுவிப் போகிற முகம். "வேற யாராச்சும்..." என்று இழுத்தார்.

"நான் உட்கார்ந்து பார்க்கட்டுமா?" என்றேன்.

பட்டறையிலிருந்த என் குழாய் மெஷினில், அதன் தடித்த டார்ச்சில் உட்கார்ந்தேன். முதல் துண்டில் ஒரு ஓட்டை விழுந்தது. மற்ற இரண்டும் தேறின. லென்ஸ்காரர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "சுமார். ஆனா போதும்" என்றார்.

"எங்கப்பா கத்துக்கிட்டே?" என்றார் முதலாளி.

"வீட்லதான்."

முதலில் சிரித்தது அண்ணிதான். "அதுக்குத்தான் வீட்ல பிளேடு தங்கலையா? கேட்டு சரி பண்றாராம், கேட்டு." பக்கத்தில் வந்து என் துண்டுகளை விரலால் தடவிப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு தம்பி. நிஜமாத்தான் சொல்றேன்."

அன்றைக்கு அந்தப் பாராட்டில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அந்த வாரமே வேலை ஆரம்பமானது. முதலாளி எனக்குப் புதிதாக ஒரு சின்ன டார்ச் வாங்கிக்கொடுத்தார். அண்ணி தானாகவே போய், "நான் கொஞ்ச நாள் பாலிஷ் பக்கம் இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். தன் டார்ச்சைக் கழற்றி, கம்பியைச் சுருட்டி, மேசை இழுப்பறையில் வைத்து மூடினார். அண்ணி உட்கார்ந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அதன் உயரம் எனக்குச் சரிப்படவில்லை. அதை மாற்றவும் மனசு வரவில்லை, குனிந்தே வேலை செய்தேன்.

பஸ்ஸில் கேலி குறைந்தது. தாள், சுவர் என்று நான் ஆரம்பித்தால் சிரிப்பார், பதிலுக்கு வாரமாட்டார். பாலிஷ் தூசியில் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பதிமூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பின்பக்கம் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஓட்டையான பிளேடுகள், தகட்டுத் துண்டுகள், அவற்றின் நடுவில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். டார்ச்சின் பின்மூடிக்குள் உட்கார்கிற வளையம் அது. அது இல்லாவிட்டால் மூடி எவ்வளவு இறுகத் திருகினாலும் பின்னாலிருந்து காற்று உள்ளே போகும். வாயுவோடு காற்று கலந்தால் தகடு கருகும்.

என்னுடையதாகத்தான் இருக்கும் என்று பெட்டியைத் திறந்தேன். என் குட்டை மூடியில் வளையம் பத்திரமாக இருந்தது. வீட்டு மெஷினின் தடித்த டார்ச்சைக் கழற்றிப் பார்த்தேன். அதிலும் இருந்தது. வேறு எதிலிருந்தாவது விழுந்திருக்கக் கூடாதா என்று வீட்டிலிருந்த குழாய், அடுப்பு, குக்கர் எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். துடைப்பத்தைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை சீக்கிரம் போய் இழுப்பறையைத் திறந்தேன். அண்ணியின் நீள மூடியைத் திருகிக் கழற்றினேன். வளையம் இருக்க வேண்டிய பள்ளம் காலியாக இருந்தது.

அந்த நிமிடமே போய்ச் சொல்லியிருந்தால் இந்தக் கதையை என்னால் கொஞ்சம் தலைநிமிர்ந்து சொல்ல முடிந்திருக்கும். நான் செய்தது வேறு. வளையத்தை அதன் இடத்தில் மாட்டி, மூடியைத் திருகி, டார்ச்சை முன்பு இருந்த மாதிரியே சுருட்டி வைத்துவிட்டு, பாலிஷ் பக்கம் போனேன்.

"அண்ணி, ஒருதடவை உங்க டார்ச்சை எடுத்துப் பாருங்களேன்."

"எதுக்கு தம்பி?"

"சும்மாதான். அன்னிக்கு என்னமோ நேரம் சரியில்ல. இப்ப எடுத்தா நல்லா வரும்."

அண்ணி சக்கரத்தை நிறுத்தினார். கண்ணாடிக்கு மேல் தூசி படிந்திருந்தது. "என்னைப் பாவம் பார்க்கறீங்களா?"

"ஐயோ, இல்ல அண்ணி."

"பின்ன விடுங்க. எனக்கு அதைத் தொடவே பிடிக்கல."

என் திட்டம் அதோடு தீர்ந்தது. யாருக்கும் தெரியாமல் கெடுத்ததை யாருக்கும் தெரியாமல் சரி செய்துவிடலாம் என்று பார்த்தேன். அவர் டார்ச்சைத் தொட்டால்தானே?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினார்.

"தம்பி, வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட முடியுமா? ஆஸ்பத்திரிக்கு என்கூட வரணும். உங்க அண்ணன்கிட்ட சொல்லக் கூடாது."

"என்ன அண்ணி?"

"கண்ணைப் பார்த்தாச்சு. கண் நல்லாயிருக்குன்னுட்டாங்க. அப்போ கைதான். நரம்பு பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எங்கம்மாவுக்கும் நாப்பத்தொண்ணு வயசுலதான் ஆரம்பிச்சுது. முதல்ல ஊசியில நூல் கோக்க வரல. நாங்க கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தோம். ரெண்டு வருஷத்துல டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சாங்க. அப்புறம் நாங்க பிடிச்சுக்கிட்டோம்."

"உங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியும். இந்த உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். பெரிய டாக்டருக்குத் தெரியாதது, எந்த மெஷினாலும் கண்டுபிடிக்க முடியாதது என் நாக்கு நுனியில் இருந்தது. பஸ்ஸில் கூட்டம். எதிரே பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டில் அண்ணன் இருந்தான். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் முதலாளி நான் செய்த பெட்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு அடுத்த நாள் ஒரு காரணமும் இல்லை. சும்மாவே சொல்லவில்லை.

"உங்க அண்ணன்கிட்ட ஏன் சொல்லலன்னா, தலைவலின்னாலே சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போடற ஆளு அவரு" என்றார் அண்ணி, வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு மூட்டப் பார்த்தார்.

காத்திருக்கிற இடத்தில் நீல நிற நாற்காலிகள் வரிசையாக இருந்தன. எங்கள் எண் இருபத்தேழு. பலகையில் இருபத்தொன்று எரிந்தது. அண்ணி கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்திருந்தார். விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடுகிறதா என்று பார்க்கிறார். அவை ஆடவில்லை. அப்படியே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் யார் கையும் ஆடுகிற மாதிரிதான் தோன்றும். இருபத்திரண்டு எரிந்தபோது சுண்டுவிரல் லேசாகத் துள்ளியது. அண்ணி சட்டென்று அதை மற்ற கையால் பொத்திக்கொண்டார்.

"அண்ணி, உங்க டார்ச்சை நான் எடுத்தேன்."

"என்னது?"

"சோதனைக்கு முன்னால சனிக்கிழமை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகினேன். திங்கட்கிழமை வச்சுட்டேன். பின்மூடியில வளையம் இல்லாம வச்சுட்டேன்."

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தார்.

"மூடியை எதுக்குக் கழட்டுனீங்க?"

"நீளமா இருந்துச்சு. சுவத்துல இடிச்சுது. என் குட்டை மூடியைப் போட்டேன்."

"வளையம் எங்க விழுந்துச்சு?"

"துணி துவைக்கிற இடத்துல. பெருக்கும்போது பார்த்தேன்."

"எப்ப?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். "போன ஞாயித்துக்கிழமை."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

"ஆமா அண்ணி."

"செவ்வாய்க்கிழமை பஸ்ல எங்கம்மாவைப் பத்திச் சொன்னேன்."

"ஆமா."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இருபத்து நான்கு எரிந்தது. ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் கை நாற்காலியின் விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தது. அண்ணி அந்தக் கையைக் கதவு மூடும் வரை பார்த்தார்.

"டார்ச்சை எடுத்தீங்க, சரி. நானும் பழகற காலத்துல அடுத்தவங்க சாமானை எடுத்திருக்கேன். வளையம் விழுந்துச்சு, அதுவும் சரி, யாருக்கும் விழும்." குரலை உயர்த்தவே இல்லை. "பொண்ணுக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன், இந்த வாரம். இப்பவே கத்துக்கொடுத்துடணும், அப்புறம் பிடிக்க முடியாதேன்னு. அவ எதுக்கும்மா இவ்வளவு அவசரம்னு கேட்டா."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"பேசாதீங்க தம்பி" என்றார் அண்ணி.

இருபத்தேழு வந்ததும் எழுந்தார். "இனிமே எதுக்கு அண்ணி உள்ள?" என்றேன்.

"உங்க வார்த்தையை நம்பி வீட்டுக்குப் போகச் சொல்றீங்களா?"

முக்கால் மணி நேரம் ஆனது. வெளியே வந்து கைப்பையை எடுத்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. படி இறங்கும்போதுதான் சொன்னார்: "நரம்பெல்லாம் நல்லாயிருக்காம். கொழுந்தன்தான் சரியில்லன்னு டாக்டருக்குச் சொல்லத் தெரியல."

சிரிக்கலாமா என்று தெரியாமல் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

பட்டறைக்கு வந்ததும் நேராக முதலாளி அறைக்குப் போய், "இவரு ஒரு விஷயம் சொல்லணுமாம்" என்று சொல்லிவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டார். சொன்னேன். முதலாளி பேனா மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். "தொழில் தெரிஞ்சவன் செய்யற காரியமாடா இது?" என்றார் கடைசியில். கதவு திறந்திருந்ததால் கடைசல்காரருக்கும் கேட்டது. எப்போதும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர், அன்று மதியம் டப்பாவை எடுத்துக்கொண்டு கிரைண்டர் பக்கம் போய்விட்டார்.

அண்ணனுக்கு அண்ணியே சொல்லியிருக்க வேண்டும். சாயங்காலம் இறங்கி வந்தான். எப்போதும் படியிலேயே பேச ஆரம்பிக்கிறவன், பின்பக்கம் வந்து என் மெஷினையும் சிலிண்டரையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

"படுத்துக்கிட்டுக் கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தாடா. கொசு அடிக்கறான்னு நினைச்சேன்" என்றான். மேலே போய்விட்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

அடுத்த வாரம் லென்ஸ்காரர் மறுபடி வந்தார். முதலாளி எப்படியோ சொல்லி வரவழைத்திருந்தார். அண்ணி இழுப்பறையிலிருந்து டார்ச்சை எடுத்தார். முதல் வேலையாகப் பின்மூடியைத் திருகிக் கழற்றி, வளையத்தை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். பிறகு மாட்டினார்.

"போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன வித்தியாசம்?" என்றார் லென்ஸ்காரர். "கோளாறு என்னன்னு நான் எழுதணும்."

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் கேட்காம அவங்க டார்ச்சை எடுத்துப்போய், வளையம் இல்லாம வச்சுட்டேன்" என்றேன். முதலாளி அறையில் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. லென்ஸ்காரர் அதை ஒரு வரியாக எழுதிக்கொண்டார்.

அண்ணி முகமூடியை இறக்கினார். மூன்று துண்டும் பதினெட்டு நிமிடத்தில் முடிந்தன. எழுந்து வராமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். லென்ஸ்காரர் பூதக்கண்ணாடியை எடுத்தார், பார்த்தார், உள்ளே வைத்தார். மறுபடி எடுத்துப் பார்த்தார். இந்தத் தடவை பார்த்தது சோதிக்க இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

"தலைமைக் கை இவங்கதான்" என்றார். "இன்னொரு ஆள் வேணும். போன தடவை தேறினவரை வச்சுக்கலாமா? அம்மா, நீங்க சொல்லுங்க. உங்க கூட வேலை செய்யப்போறவர்."

அண்ணி வேண்டாம் என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்ல வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். சொல்லியிருந்தால் ஏதோ ஒன்று தீர்ந்த மாதிரி இருந்திருக்கும்.

"கை நல்லாத்தான் வருது" என்றார் அண்ணி. "கரண்ட் கொஞ்சம் கூட வைக்கிறாரு. பழகப் பழகச் சரியாயிடும்."

ஒரு வெல்டரைப் பற்றி இன்னொரு வெல்டர் சொல்கிற நேர்மையான வார்த்தை. அதில் கோபம் இல்லை. அண்ணி கொழுந்தனைப் பற்றிச் சொல்கிற குரலும் அதில் இல்லை.

இப்போது பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்து வேலை செய்கிறோம். சந்தேகம் கேட்டால் சொல்லுகிறார். தகட்டுக்கு அடியில் செப்புப் பட்டை வைத்தால் சூட்டை அது வாங்கிக்கொள்ளும், ஓட்டை விழாது என்று காட்டிக்கொடுத்தார். நான் மூன்று மாதம் பிளேடு பிளேடாகத் துளைத்துக் கற்றுக்கொள்ளாததை மூன்று நிமிடத்தில் கற்றுக்கொண்டேன். தாள் ஒட்டியாச்சா என்று நான் கேட்பதில்லை. சுவர் பூசியாச்சா என்று அவரும் கேட்பதில்லை.

வேலை முடிந்ததும் அண்ணி டார்ச்சை மெஷினிலிருந்து கழற்றுகிறார். கம்பியைச் சுருட்டி, துணியில் சுற்றி, சாப்பாட்டு டப்பாவோடு பையில் வைத்துக்கொள்கிறார். முதல் நாள் அதைப் பார்த்து முதலாளி ஏதோ சொல்ல வந்தார். என்னைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் போய்விட்டார். தினமும் டார்ச் வீட்டுக்கு வருகிறது, தினமும் காலையில் பட்டறைக்குப் போகிறது.

நேற்று பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது, அண்ணிக்குக் கிடைக்கவில்லை. எழுந்து இடம் கொடுத்தேன். "பரவாயில்ல, அடுத்த ஸ்டாப்புல எப்படியும் காலியாயிடும்" என்றார். நான் மறுபடி உட்கார்ந்தேன். அவருடைய ஒரு கை மேல் கம்பியைப் பிடித்திருந்தது, இன்னொரு கையில் பை.

"பையையாவது குடுங்க அண்ணி, மடியில வச்சுக்கறேன்."

அண்ணி பையைப் பார்த்தார். பிறகு தோளில் மாட்டிக்கொண்டார்.

"வேணாம் தம்பி" என்றார். "நானே வச்சுக்கறேன்."